ஷட்டவுன் நாளில் ஏற்றிய ஏரியல்

கண்ணுகளா,

இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பெரியவளே, நீ பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாய். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். சின்னவனே, பாதி படித்துவிட்டு என்னிடம் ஓடி வராதே. முழுசாகப் படி. ஒரு நாள் மனதில் வைத்திருந்து பிறகு கேள்.

பெரியவளே, போன மாதம் நீ ஒரு சின்னப் பொருளைக் கொண்டுவந்து காட்டினாய். பார்க்க பென் டிரைவ் மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரில் செருகினால் விமானம் ஓட்டுகிறவர்கள் பேசுவது கேட்கும், வானிலை செயற்கைக்கோள் அனுப்புகிற படம் வரும், காலேஜில் புராஜெக்ட் செய்யலாம், மொட்டை மாடியில் ஒரு ஏரியல் மட்டும் நிறுத்தினால் போதும் என்றாய். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தப் பேச்சே எடுக்காத" என்று கத்தினேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னாய்.

"மாமா மாதிரி கவனமில்லாம பண்ண மாட்டேன்ப்பா."

அந்த வார்த்தையில் தப்பு இல்லை. உனக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவன் நான். உங்கள் மாமா கவனமில்லாதவர் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

அப்போது நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான், வண்டி மட்டும் வேறு. நாலு வழிச் சாலையில் எங்கேயாவது ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் எந்த வண்டி முதலில் போகிறதோ அந்த வண்டிக்குத்தான் ஆள். எங்கள் ஸ்டாண்டில் ஐந்து வண்டி நின்றது. ஒருவன் மட்டும் எப்போதும் எங்களுக்கு முன்னால் போய் நின்றான். அவனிடம் போலீஸ் வயர்லெஸ் கேட்கிற பெட்டி ஒன்று இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். ஸ்கேனர் என்று பெயர். ரேடியோவில் நாம் ஒரு ஸ்டேஷனைத் திருப்புவது போல இல்லை, அது தானாகவே ஒவ்வொரு அலைவரிசையாகத் தாவித் தாவிப் போகும். எங்கே பேச்சு வருகிறதோ அங்கே நிற்கும்.

மதுரையில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் நானும் ஒன்று வாங்கிவந்தேன். அது குற்றம் என்று தெரியும். விற்றவரே சொன்னார்: "போலீஸ் பேசுறத அனுமதி இல்லாமக் கேக்கக் கூடாது. மாட்டுனா என்னையச் சொல்லாதீக." அடிபட்டவனைச் சீக்கிரம் தூக்கிப் போகத்தானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த இன்னொருத்தனை முந்த வேண்டும் என்கிற வீம்பு.

பெட்டி வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. அதோடு வந்த ரப்பர் குச்சி ஏரியலை வைத்து வீட்டுக்குள் கேட்டால் வெறும் இரைச்சல்தான். வெளியே உயரமாக ஏரியல் வைத்தால்தான் கேட்கும் என்று தெரிந்தது. உங்கள் மாமா பிளம்பர். அவரிடம் இல்லாத குழாயா? கேட்ட மறுநாளே இருபது அடி இரும்புக் குழாய் ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு வடமதுரையிலிருந்து வந்துவிட்டார். உங்கள் அம்மாவுக்குத் தம்பி என்றாலும் எனக்கு அவர் கூட்டாளி மாதிரி. நான் எதைக் கேட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டார், முதலில் சிரிப்பார்.

"என்ன மச்சான், போலீஸ்காரன் பேசுறத ஒட்டுக் கேக்கப் போறீகளா?"

"ஏலே மாப்ள, மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போவுது."

"அப்ப எனக்கும் ஒரு உதவி பண்ணுங்க. ஹெல்மெட்டுக்கு எங்க மடக்குறான்னு காலையில ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. நான் சுத்திப் போயிருவேன்."

"ஹெல்மெட்டப் போட்டுட்டுப் போயேன்."

"தலையில எடம் இல்ல மச்சான், பூரா மூளை."

இப்படித்தான் பேசிக்கொண்டு மாடி ஏறினோம்.

அந்த நாளாகப் பார்த்து அவரை வரச் சொன்னது நான்தான். மாதம் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்குக் கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா? அந்த மாதம் நம் நகர் பெயரும் பட்டியலில் வந்திருந்தது. காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயந்திரம்தான் வரும். துணி மில்லில் உங்கள் அம்மாவுக்குப் பகல் ஷிப்ட், நீங்கள் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள், கரண்டும் இருக்காது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நினைத்தேன். ஒன்பதுக்குச் சரியாக ஃபேன் நின்றது. சுவிட்சை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு டி.வி.யும் அடங்கிவிட்டது. சரி, ஊரே அணைந்துவிட்டது என்று தைரியம் வந்தது.

நம் வீட்டுப் பின்சுவருக்குப் பத்தடி தள்ளி உயரத்தில் மூன்று கம்பி போகிறதே, அந்த ஹெச்.டி. லைன், உயர் அழுத்தக் கம்பி, அது அப்போதும் அங்கேதான் போனது. மாமா குழாயை மாடியில் கிடத்திவிட்டு முதலில் அதைத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சான், பின்னாடி லைன் போகுது. முன்பக்கம் போடுவமா?"

அவர் கேட்டார். இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்தான் கேட்டார்.

நான் சொன்னேன்: "முன்பக்கம் போட்டா தெரு பூராம் பாக்கும். எவனாச்சும் போட்டுக் குடுப்பான். இன்னிக்கு ஷட்டவுன்தானடா, சாயந்தரம் வரைக்கும் வராது. தைரியமாத் தூக்கு."

திருட்டுத்தனமாகச் செய்கிற வேலை என்பதால் மறைவான இடம் தேடினேன். மறைவான இடத்தில் கம்பி இருந்தது. அம்புட்டுதான் நடந்தது.

ஒன்று சொல்கிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம் இருந்தது, இப்போது பிளாட் போட்டுவிட்டார்கள். அங்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மாடிக்கு நன்றாகக் கேட்டது. கரண்ட் இல்லாத நாளில் மோட்டார் எப்படி ஓடும்? எனக்கு அது உறைக்கவில்லை. டீசல் இஞ்சின் என்று கூட நினைக்கவில்லை, எதையுமே நினைக்கவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் எங்கேயாவது தொட்டியில் மோட்டார் தண்ணீர் விழுந்தால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை.

ஏரியலுக்கான அலுமினியக் குச்சிகளைக் குழாயின் தலையில் போல்ட் போட்டு முறுக்கினோம். வயரை இன்னும் மாட்டவில்லை. நான் வயர் சுருளைப் பிரித்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் வந்தேன். மாமா அடியைச் சுவரோரம் ஊன்றி, கைமாற்றிக் கைமாற்றி குழாயை நிமிர்த்தினார். தினமும் செய்கிற வேலை அவருக்கு. ஆனால் தண்ணீர்க் குழாய்க்குத் தலையில் பாரம் இருக்காது. இதற்கு இருந்தது. பாதிக்கு மேல் நிமிர்ந்ததும் காற்று ஒரு தள்ளு தள்ளியது. அவர் இழுத்துப் பிடித்தார். குழாய் பின்பக்கமே சாய்ந்தது.

வெடிச் சத்தம் எதுவும் இல்லை. பெரிய துணியை ஒரே இழுப்பில் கிழித்தது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் குழாய் சுவரில் இடித்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. மாமா மல்லாந்து கிடந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். உள்ளங்கை இரண்டும் கறுத்திருந்தன. "மாப்ள, மாப்ள" என்று கன்னத்தில் தட்டினேன். வாய் திறந்து திறந்து மூடியது. மூச்சை இழுப்பது போல ஒரு சத்தம் வந்தது. உயிர் இருக்கிறது, மயக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா கீழேயிருந்து, "என்னண்ணே அது?" என்றார். "ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கம்மா" என்று கத்தினேன்.

அடுத்து நான் செய்ததை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. மாமாவை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். மேஜை மேல் ஸ்கேனர் இருந்தது. போலீஸ் வரும், பெட்டியைப் பார்ப்பார்கள், வேலை போகும், உள்ளே வைப்பார்கள் என்று அந்த நேரத்தில் வரிசையாகத் தோன்றியது. அதை ஒரு துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். மேலே அரிசியைத் தள்ளிச் சமப்படுத்தினேன். சமப்படுத்தினேன் கண்ணுகளா, கையால் தடவி. மூடியைப் போட்டேன். பிறகுதான் மாடி ஏறினேன். இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ. நான் திரும்பி வந்தபோது அந்த இழுப்புச் சத்தமும் நின்றிருந்தது.

பதினோரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியிருந்தேன் அப்போது. வண்டி ஓட்டத் தெரியும், சைரன் போடத் தெரியும். பின்னால் கிடக்கிறவரின் நெஞ்சில் கை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. வாசலில் வந்து நின்ற வண்டி என் ஸ்டாண்ட் வண்டிதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

மத்தியானம் போலீஸ் வந்தது. கரண்ட் ஆபீசிலிருந்தும் வந்தார்கள். லைன்மேன் ஒருவர் மாடியில் நின்று கம்பியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இந்த லைன் வேற சப்ஸ்டேஷன்லருந்து வருதுண்ணே. இன்னிக்கு இதுல நிறுத்தவே இல்ல. ஒங்க வீட்டு ஃபேன் நின்னா ஊர்ல இருக்குற கம்பியெல்லாம் செத்துப்போச்சுன்னு அர்த்தமா?"

அந்த நேரம் போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார்.

"எதுக்குய்யா குழாயத் தூக்குனாரு?"

"டி.வி. ஏரியல் சார்."

"யாரு தூக்கச் சொன்னது?"

"அவராத்தான் சார் தூக்குனாரு. நான் கீழ இருந்தேன். பாத்துப் பண்ணுன்னு சொன்னேன், கேக்கல."

அதை எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போய் ஒரு கல்குவாரிக் குட்டையில் எறிந்தேன். எறிந்ததால் எதுவும் குறையவில்லை.

வருடா வருடம் மாமாவின் திதிக்கு வடமதுரைக்குப் போகிறோம். உங்கள் அத்தை இலை போட்டு, என்னை அண்ணனாக நினைத்து முதலில் உட்கார வைக்கிறாள். படையல் போடும்போது படத்தைப் பார்த்துத் திட்டுவாளே, நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். "குழாய் தூக்குறதே பொழப்பா வச்சிருந்த மனுசனுக்கு லைன் தெரியலையா? கண்ணு எங்கய்யா போச்சு?" தன் மகளிடமும் அதையே சொல்லி வளர்க்கிறாள். ரோட்டைக் கடந்தால், "ஒங்கப்பன் மாதிரி அவசரப்படாத." கொதிக்கிற சட்டியைத் தொட்டால், "ஒங்கப்பன் புத்தி." அந்தப் பிள்ளையும் சிரிக்கிறது. அப்பா என்றால் அவசரக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு வருவேன்.

இரண்டு வருடம் முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி நெஞ்சை அமுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியாளர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "கரண்ட் அடிச்சவருக்கு மூச்சு வாங்குற மாதிரி ஒரு சத்தம் வரும். அத மூச்சுன்னு நம்பிராதீங்க. இதயம் நின்னிருக்கும். உடனே அமுக்கணும். மொத மூணு நாலு நிமிசம்தான் நம்ம கையில." பக்கத்தில் இருந்தவன், "என்னண்ணே ஒரு மாதிரி இருக்கீக?" என்று கேட்டான். வெயில் என்றேன்.

அன்றைக்கும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ "மாமா மாதிரி" என்று சொன்ன பிறகுதான் இனி முடியாது என்று ஆனது. முதலில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். உடன்பிறந்தவனைப் பறிகொடுத்தவள். இந்த இரண்டு வாரமாக அவள் என்னிடம் ஏன் பேசுவதில்லை என்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். காரணம் இதுதான். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தனியாக வடமதுரைக்குப் போனேன். உங்கள் அத்தை தையல் மெஷினில் இருந்தாள். பிள்ளை டியூசன் போயிருந்தது.

"வாங்கண்ணே. என்ன ஒத்தையா? அக்கா வரலையா?"

உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, பின்பக்கம், ஷட்டவுன், அரிசி டிரம், போலீசிடம் சொன்னது. அவள் காலை மெஷினிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் மிதிக்கவும் இல்லை. நான் முடித்த பிறகு ஒன்றைத்தான் முதலில் கேட்டாள்.

"அவரு கேட்டாரா? முன்பக்கம் போடுவமான்னு கேட்டாரா?"

"கேட்டாரும்மா."

"லைன் இருக்குன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. நான்தான் வராதுன்னேன்."

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு." மறுபடி, "தெரிஞ்சுதான் இருந்திருக்கு" என்றாள். தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "இம்புட்டு வருசமா பெத்த பிள்ளைகிட்ட அந்த மனுசன ஏசிக்கிட்டு இருந்திருக்கேன். எதுக்க ஒக்காந்து சாப்பிட்டீகளேண்ணே. ஒரு தடவை வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"பயம்மா."

"யாருக்குப் பயம்? போலீசுக்கா, எனக்கா?"

அவள் மடித்த துணியை மெஷின் மேல் வைத்தாள்.

"அந்த டிரம்முல போட்டு மூடுன நேரம், அவரு ஒத்தையிலயா கெடந்தாரு?"

"ஆமா."

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க சொல்ல வேணாம். அக்கா வரட்டும், பிள்ளைக வரட்டும். திதிக்கு நீங்க வராதீக." வெளியே வந்த பிறகு பின்னால் கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. அவள் அறைந்து சாத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

ஆகவே இனி திதிக்கு நீங்கள் இரண்டு பேரும் அம்மாவோடு போய் வாருங்கள். அப்பா ஏன் வரவில்லை என்று அங்கே யாராவது கேட்டால், தெரியும் என்று சொல்லுங்கள்.

இப்போது பெரியவளுக்கு. ஏரியல் போடாதே என்று இனி சொல்ல மாட்டேன். சரியான வழியில் போடு. முதலில் உன் வாத்தியாரிடம் போய், இந்தக் கருவிக்கு என்ன அனுமதி வேண்டும், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெளிவாகத் தெரிந்துகொள். போலீஸ் பேச்சு, பிறர் சொந்தப் பேச்சு எதுவும் வேண்டாம். காதில் தற்செயலாக விழுந்தாலும் அதைப் பதிவு செய்யாதே, பிறருக்கு அனுப்பாதே. மறைத்துச் செய்ய வேண்டிய எதையும் செய்யாதே. மறைக்கிறவன் தப்பான இடத்தில்தான் போய் நிற்பான்.

முதலில் வீட்டுக்குள் முன் ஜன்னலோரம் ஒரு சின்ன ஏரியலை வைத்துப் பார். அதிலேயே கேட்டால் மாடி எதற்கு? ஹெட்போன் போட்டால் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இரைச்சல் திடீரென்று கூடினால் காது போய்விடும். மாடியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் முன்பக்கம். ஏரியலோடு சேர்ந்து கம்பம் எவ்வளவு உயரமோ அதைவிட ஒன்றரை மடங்கு தூரமாவது எந்தக் கரண்ட் கம்பியும் இருக்கக் கூடாது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியில் படாத இடம் வேண்டும். நாங்கள் இருபது அடிக் குழாயை, கம்பிக்குப் பத்தடியில் வைத்துத் தூக்கினோம். இரும்புக் குழாய் வேண்டாம். பிளாஸ்டிக் குழாய், மூங்கில் என்றாலும் ஈரமாக இருந்தால் அதுவும் நம்பக்கூடியது இல்லை. எர்த் போடுவதற்கு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு. சிறுமலைப் பக்கமோ எங்கேயோ இடி கேட்டால், மழை வருமுன்பே ஏரியல் வயரைக் கழற்றி வெளியே போட்டுவிடு. இடிக்கும்போது தொடாதே.

ஷட்டவுன் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கம்பியை உயிருள்ளதாகத்தான் நினைக்க வேண்டும். தனியாக ஏறாதே. கூட ஏறுகிறவர் "இந்தப் பக்கம் வேணாமே" என்றால் அதோடு நிறுத்து. அவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும் நிறுத்து.

சின்னவனே, ஒருவரைக் கரண்ட் பிடித்திருந்தால் அவரைத் தொடக் கூடாது. வீட்டுக் கரண்ட் என்றால் மெயினை அணை. பெரிய லைன் என்றால் கிட்டவே போகாமல் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு. லைனிலிருந்து அவர் விடுபட்டு, பக்கத்தில் எதுவும் தொங்கவில்லை என்று தெரிந்த பிறகு, கூப்பிட்டும் அசைவு இல்லை என்றால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்கு. யாராவது வரும் வரை விடாதே. அந்த நேரத்தில் வீட்டில் வேறு எந்த வேலையும் கிடையாது.

வடமதுரையிலிருந்து நான் திரும்பி வந்தபோது நீங்கள் யாரும் வீட்டில் இல்லை. அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். முன்னறைத் தரையில் தலையணையைப் போட்டு, பக்கத்தில் மண்டியிட்டு, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி முழங்கையை மடக்காமல் அமுக்கினேன். முப்பது வரை எண்ணினேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். மூன்று நிமிடம் ஆகிறதா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். அது நினைத்ததைவிட நீண்ட நேரம். இரண்டாவது நிமிடத்திலேயே தையல் பிரிந்து, ஓரத்தில் பஞ்சு வந்துவிட்டது. மூன்று நிமிடம் முடியும் வரை நிறுத்தவில்லை. பிறகு பஞ்சை உள்ளே தள்ளி, ஊசியில் நூல் கோர்த்து, அந்த ஓரத்தைத் தைத்துக் கட்டிலில் வைத்தேன்.